சார்ஜரில் இருக்கும்வரை மழை

எங்கள் கம்பெனி மழைச் சத்தம் விற்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் தொழில். காதுக்குள் ஓயாத இரைச்சலோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே சத்தம் அடங்கியதும் அவர்களுக்கு உள்ளே ஆரம்பிக்கும். சிலருக்கு விசில், சிலருக்கு மெஷின், சிலருக்கு வண்டு குடைகிற மாதிரி. மெல்லிய மழைச் சத்தத்தை இடைவிடாமல் காதில் ஓட விட்டால், நாளாவட்டத்தில் மூளை அந்த இரைச்சலைச் சட்டை செய்யாமல் இருக்கப் பழகும் என்று காது டாக்டர்கள் சொல்கிறார்கள். இதில் முக்கியமான சொல் 'இடைவிடாமல்'. அந்த ஒரு சொல்லைத்தான் எங்கள் ஆட்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் முதலாளி 'விஷன்' என்ற சொல் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். அதனால் அவருக்கு விஷன் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அலுவலகத்தில் அவரைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். மொபைல் ஆப் எழுதுகிறவனுக்கு 'ஓடுதே' என்று பெயர். எந்தப் புகார் வந்தாலும் தன் மேஜை மேலிருக்கும் போனைத் தட்டிக் காட்டி "எனக்கு ஓடுதே" என்பான். வாடிக்கையாளர் பொய் சொல்லிவிட்டதாக முகத்தில் ஒரு வருத்தம் வேறு காட்டுவான்.

நான் சோதனைப் பிரிவு. அதிலும் லேப்டாப் மட்டும். மொபைலைத் தொடும் பாக்கியம் எனக்கில்லை; அதை எழுதுகிறவனே சோதித்தும் கொள்கிறான். மாணவனே விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் பள்ளிக்கூடம் எங்கள் அலுவலகம்.

இத்தனைக்கும் விஷயம் ஒன்றும் ராக்கெட் விடுவதில்லை. ஒரு ஆப் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று பாடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு இயங்குதளமும் அதை ஒவ்வொரு குணத்தோடு நடத்துகிறது. விண்டோஸ் தாராளம். ஜன்னலைச் சுருக்கிவிட்டு வேறு வேலை பார்த்தாலும் அது பாட்டுக்குப் பாட விடும். லேப்டாப் மூடியைச் சாத்தினால்தான் படுக்கப் போகும். ஐபோன் கறார் ஹாஸ்டல் வார்டன். 'பின்னணியில் பாடப் போகிறேன்' என்று ஆப் எழுதும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்துவிட்டால் தொந்தரவில்லை. நடுவில் யாராவது அழைத்தால் பாட்டை நிறுத்தும், அழைப்பு முடிந்ததும் 'முடிந்தது' என்று நமக்குத் தகவல் சொல்லும். மறுபடி பாட ஆரம்பிப்பது நம் பொறுப்பு. ஆண்ட்ராய்டுக்கு மறைவு பிடிக்காது. திரையின் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் பட்டையை மாட்டிக்கொண்டு 'நான் இங்கேதான் பாடிக்கொண்டிருக்கிறேன்' என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி நின்றால் விட்டுவிடும். பட்டை இல்லாமல் ஒளிந்து நின்றால், பேட்டரியைத் திருட வந்தவன் என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். சீக்கிரம் தள்ளுமா, கொஞ்சம் பொறுத்துத் தள்ளுமா என்பது போனுக்குப் போன் மாறும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் லினக்ஸ் வைத்திருக்கிறார். அவர் கணினியில் சத்தம் வந்தால்தானே நிற்பதற்கு.

இதெல்லாம் சிதம்பர ரகசியமில்லை. அந்தந்த தளத்துக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் எழுத ஆள் இருக்கிறது, விஷன் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

ஓடுதே முதலில் ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டையை வைத்துத்தான் எழுதினான். பாராட்ட வேண்டாம், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதில் அதுவும் கூட வந்துவிட்டது. விஷன் சார் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது என்ன, மழைக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி? அசிங்கமா இருக்கு. தூக்கு."

தூக்கியாயிற்று. அதோடு விடவில்லை. ஆப்பைத் திறந்ததுமே, எந்தப் பட்டனையும் அமுக்காமல், தானாக மழை கொட்ட வேண்டும் என்றார். அதுவும் ஆயிற்று. பட்டை போன பிறகும் அலுவலகத்தில் மழை நிற்கவே இல்லை. ஏன் நிற்கும்? நீள மேஜை மேல் வரிசையாகக் கிடக்கும் சோதனைப் போன்கள் ஒவ்வொன்றிலும் கேபிள் செருகியிருக்கும், ஐ.சி.யூ.வில் நோயாளிகளைப் படுக்க வைத்த மாதிரி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாது. யாரையும் வெளியே தள்ளாது. உலகத்தில் எல்லோரும் போனைச் சுவரோடு கட்டிப்போட்டுத்தான் வாழ்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

என் அண்ணன் போனைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறவன்.

அண்ணன் பத்திரிகை அச்சகத்தில் பெரிய ரோட்டரி மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவன். காது அதில்தான் போயிற்று. இப்போது பைண்டிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் மெஷின் அவன் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே அமைதியாக இருக்க இருக்க உள்ளே சத்தம் கூடுகிறது. ஆஸ்பத்திரியில் காது டாக்டர் எங்கள் 'தூறல்' ஆப்பை எழுதிக் கொடுத்தார். வேலை நேரம் முழுக்க இயர்போன் வழியாக ஒரு காதில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தங்கை வேலை பார்க்கிற கம்பெனி என்பதில் அண்ணனுக்கு ஒரு பெருமை. எனக்கு அந்தக் கேபிள்கள்தான் ஞாபகம் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு காதைப் பொத்திப் பொத்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நின்னுடுச்சு," என்றான்.

அண்ணி தலையைத் தூக்கவே இல்லை. "ஆரம்பிச்சாச்சா?"

"நிஜமா நின்னுடுச்சு. இங்க பாரு." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து இயர்போனைப் பிடுங்கினான். திரையைத் திறந்து ஆப்பைத் தொட்டான். மழை கொட்டியது.

"கேக்குதுல்ல?" என்றார் அண்ணி.

"இப்ப கேக்குது. முன்னாடி நின்னுடுச்சு."

"தினமும் இதே கதைதான்," என்று அண்ணி என்னிடம் திரும்பினார். "நின்னுடுச்சு நின்னுடுச்சுங்கறார். வாங்கிப் பாத்தா ஓடிக்கிட்டு இருக்கு. நானும் எத்தனை தடவைதான் பாக்கறது? டாக்டர்கிட்டயும் இதையேதான் சொன்னார். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் ஒரு கோடு, நடுவுல ஒரு இடத்துல கூட அறுபடலை."

"டாக்டர் என்ன சொன்னார்?"

அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்தார். "மருந்து முழுசா போயிருக்கு, பலன் இல்ல, ஓடறதை நின்னுடுச்சுன்னு வேற சொல்றார், அப்ப பிரச்சனை காதுல இல்லைன்னார். அடுத்த தடவை மனநல டாக்டருக்கு லெட்டர் தர்றேன்னார். எனக்கு பயமா இருக்கு. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கொஞ்ச நாள் என் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரலாம்னு பாக்கறேன்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் போனை நான் வாங்கிப் பார்த்தேன். மேலே பட்டை இல்லை. அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் போன் எங்கள் ஆப்பை வெளியே தள்ளுகிறது. நின்றுவிட்டது என்று அவன் எடுத்துக் காட்டும்போது, விஷன் சாரின் புண்ணியத்தில், திறந்ததுமே மழை கொட்டுகிறது. கூப்பிட்டுக் காட்டுகிற ஒவ்வொரு முறையும் அவனைப் பொய்யனாக்குகிற மாதிரி ஒரு ஆப்பை வேண்டுமென்றே எழுதினால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது.

அந்தக் கோடு எப்படி அறுபடாமல் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். மழை ஆரம்பித்தால் ஆப் எங்கள் கணினிக்கு 'ஆரம்பித்தேன்' என்று சொல்லும். ஆள் நிறுத்தினால் 'நிறுத்தினேன்' என்று சொல்லும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்ட ஆப் எங்கே சொல்லும்? சொல்லாதவரைக்கும் ஓடிக்கொண்டிருப்பதாகவே கணக்கு. செத்தவன் சாகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாகாததால் உயிரோடுதான் இருக்கிறான் என்று எழுதுகிற புத்திசாலித்தனம்.

"அண்ணி, அது நிஜமாவே நிக்குது," என்றேன். விளக்கவும் விளக்கினேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "உன் அண்ணன்ல, நீ அப்படித்தான் சொல்லுவ," என்றார். அவர் கண்ணால் பார்த்தது அந்தக் கோடு. கோட்டுக்கு யாரும் அண்ணன் தங்கை கிடையாதே.

மறுநாள் காலையில் நேராக ஓடுதேயின் மேஜைக்குப் போனேன்.

"இந்தக் கேபிளைக் கொஞ்சம் கழட்டு."

"எதுக்கு? சார்ஜ் போயிடும்."

"போகட்டும். அப்ப என்ன ஆகுதுன்னு பாக்கத்தான்."

"போன் ஆஃப் ஆனா ஆப் எப்படி ஓடும்? லேப்டாப் ஆளுங்க மொபைல்ல தலையிட்டா இப்படித்தான்." போனைத் தட்டினான். "பாரு, ஓடுதே!"

இவனிடம் பேசுவதற்கு அந்தக் கேபிளிடமே பேசலாம் என்று விஷன் சார் அறைக்குப் போனேன். அவர் நான் சொல்வதைப் பாதிவரை கேட்டார். பட்டை என்ற சொல் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீங்க குறை பாக்கறீங்க, நான் விஷன் பாக்கறேன். மக்கள் நம்ம ஆப்பை விட மாட்டேங்கறாங்க. டேட்டா இருக்கு, பாருங்க." திரையைத் திருப்பினார். "இந்த யூசர். பயங்கரமான ஆளு. காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு நிமிஷம் நிறுத்தறதில்ல. நம்ம சாம்பியன்! இந்த வாரம் ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் வர்றார். ஆஸ்பத்திரி முழுக்க நம்ம ஆப்தான்னு அன்னைக்கு முடிவாகுது. இந்த சாம்பியனைக் கூட்டிக்கிட்டு வந்து நாலு வார்த்தை பேச வைக்கணும்."

கோட்டுக்குக் கீழே இருந்த போன் நம்பர் எனக்கு மனப்பாடம். எந்தப் போனில் மழை சீக்கிரமாகச் சாகிறதோ அந்தப் போன்காரன் எங்கள் சாம்பியன். சிரிப்பு வரவில்லை. அந்தத் திரையை எடுத்து அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது.

"நான் கூட்டிட்டு வர்றேன் சார்," என்றேன்.

அண்ணன் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். டாக்டர் வருகிறார் என்றதும் அண்ணி கிளம்பிவிட்டார். லெட்டரைப் பற்றி அங்கேயே பேசிவிடலாம் என்பது அவர் எண்ணம். அதனால் அவனும் வந்தான்.

மீட்டிங் அறையில் நடுநாயகமாக விஷன் சார், பக்கத்தில் டாக்டர், எதிரே ஓடுதே. சுவரில் பெரிய திரை, அதில் அன்றைய கோடுகள். அண்ணனும் அண்ணியும் கதவோரம் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டாக்டர் அண்ணனைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். மனநலத்துக்கு அனுப்ப நினைத்த ஆளைச் சாம்பியன் என்று சொல்லிக் கைகுலுக்க வைத்தால் யாருக்கும் தடுமாறும்.

"சார், ஒரு ஐடியா," என்றேன். "நீங்க மூணு பேரும் உங்க உங்க போன்ல மழையைப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, சட்டைப்பையில போட்டுக்கலாம். டாக்டர் நோயாளிங்க மாதிரியே அனுபவிச்சுப் பாக்கட்டும்."

"எக்ஸ்பீரியன்ஸ்!" என்று விஷன் சார் மேஜையைத் தட்டினார். "இதைத்தான் நான் விஷன்ங்கறேன்."

டாக்டர் தன் ஆண்ட்ராய்டு போனில் அப்போதுதான் ஆப்பை இறக்கினார். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவர், தான் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. ஓடுதே தன் போனைக் கேபிளோடு தூக்கினான்.

"சட்டைப்பையில எப்படி கேபிளோட வெப்ப?" என்று நானே பிடுங்கினேன். குழந்தையைப் பிடுங்கிய மாதிரி பார்த்தான்.

மூன்று சட்டைப்பைகளிலிருந்தும் மழை பெய்தது. சுவரில் எல்லாக் கோடுகளும் நகர்ந்தன. விஷன் சார் பேச ஆரம்பித்தார். அவர் பேசினால் நேரம் போவது அவருக்கு மட்டும் தெரியாது. மனித குலம், அமைதி, தொழில்நுட்பம், மறுபடி மனித குலம். முதலில் டாக்டர் பையில் மழை நின்றது. அப்புறம் ஓடுதேயின் பையில். விஷன் சாருடையது ஐபோன், அது விடாமல் பெய்துகொண்டிருந்தது. மேஜைக்கடியில் என் போனிலிருந்து அவரை அழைத்தேன். "சாரி, சாரி," என்று பையிலிருந்து எடுத்து அழைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டார். அழைப்பு முடிந்தது என்று போன் எங்கள் ஆப்புக்குத் தகவல் சொல்லியிருக்கும். அதைக் கேட்பதற்கு அங்கே ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. அந்த மழையும் நின்றது.

யாரும் கவனிக்கவில்லை. மழை விற்கிறவர், மழையை எழுதினவன், மழையை மருந்தாகக் கொடுத்தவர், மூன்று பேருக்கும் அது நின்றது தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருந்ததில்லை. சுவரில் கோடுகள் மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தன.

அண்ணனுக்குத் தெரிந்தது. தலை நிமிர்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். சொல்லிச் சொல்லிப் பட்டது போதும் என்று அவனுக்கு. நான் சொல்லலாம் என்று எழுந்தபோது அண்ணியின் குரல் கேட்டது.

"நின்னுடுச்சு."

விஷன் சார் பேச்சை நிறுத்தினார். "என்னங்க?"

"மழை. யார் கிட்டேயும் கேக்கலையே. எல்லாம் நின்னுடுச்சு."

அப்போதுதான் அந்த அறை அமைதியாக இருப்பது அவர்களுக்கே உறைத்தது. மூன்று பேரும் அவசரமாகப் போனை எடுத்தார்கள். திரை எரிந்தது, ஆப் திறந்தது, மூன்றிலும் மழை கொட்டியது.

"ஓடுதே!" என்றான் ஓடுதே. பழக்கதோஷம்.

அண்ணி எழுந்து நின்றார். "இதேதான். இவரும் நின்னுடுச்சுன்னு எடுத்துக் காட்டுவார், கையில எடுத்த உடனே இப்படித்தான் பெய்யும். நான்..." டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் போன்ல இப்ப நின்னுச்சுல்ல? இங்க ஏன் நிக்காத மாதிரியே காட்டுது?"

நான் சொன்னேன். பட்டை, கேபிள், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது, செத்தும் சொல்லாதது, எல்லாம். இந்தத் தடவை யாரும் கையைத் தூக்கவில்லை. விஷன் சார் மட்டும், "இது நல்ல ஃபீட்பேக்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பட்டையை வெச்சிடலாம். ஆனா டிரான்ஸ்பரன்ட்டா வெக்கலாம், கண்ணுக்குத் தெரியாத மாதிரி," என்றார். கண்ணுக்குத் தெரியத்தான் அந்தப் பட்டையே என்பதை அவருக்கு இனி யார் சொல்வது.

டாக்டர் தன் பையை எடுத்துக்கொண்டு கதவோரம் வந்தார். "உங்களுக்கு நான் லெட்டர் தர்றதா இருந்தேன். அது வேண்டாம். இத்தனை நாள் உங்களுக்கு மருந்தே போகலை. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கலாம், வேற எதுலயாவது." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வரும் என்று நாங்களும் காத்திருக்கவில்லை.

"சரிங்க டாக்டர்," என்றான் அண்ணன்.

மூன்று பேரும் படிக்கட்டுக்கு வந்தோம். அண்ணன் முன்னால் இறங்கினான். அண்ணி இரண்டு படி இறங்கி நின்று, "ஏங்க," என்றார். அவன் திரும்பினான். அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் சந்தோஷம்தான் நிறைய இருந்தது. பயம் போன சந்தோஷம்.

"நிஜமாவே நிக்குதுங்க. என் காதால கேட்டேன். இனிமே நீங்க என்ன சொன்னாலும் நம்புவேன்."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். இத்தனை மாதமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே.

"அந்தக் கோடு சொல்லுச்சு, நம்பின," என்றான் மெதுவாக. "இப்ப உன் காது சொல்லுது, நம்பற. நான் சொன்னப்ப மட்டும்தான் நம்பல."

அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். பிள்ளைகளோடு கிளம்பக் கட்டி வைத்திருந்த பெட்டியைப் போனதும் பிரித்துவிடுவதாக அண்ணி அவன் முதுகைப் பார்த்துச் சொன்னார். அவன் எந்தப் பக்கத்துக் காதில் அதைக் கேட்டான், கேட்டானா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.